கல்லறைத் தோட்டத்துச் சிவப்புடல் அழகி

ஒரகடத்தில் ஒரு கிடங்கில் தாவீதுக்கு வேலை, சுற்றுவது. மரத்தட்டின் மேல் அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் சுருளைக் கையில் பிடித்து, குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்து, அடியிலிருந்து உச்சிவரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். 'ராப்பிங்' என்பார்கள். கேட்பதற்கு என்னவோ சின்ன வேலைதான். புதிதாக வருகிறவன் மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுத்து வாந்தி எடுப்பான். தாவீதுக்கு அந்தக் கிறுகிறுப்பு எப்போதோ மரத்துப்போய்விட்டது. அவர் சுற்றிய பெட்டி லாரி ஏறி, கப்பல் ஏறி, எந்தச் சீமையிலோ இறங்குகிறவரை அசையாது. ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது.

"தாவீதண்ணன் சுத்துனா காத்துகூட பர்மிஷன் கேட்டுகினுதான் உள்ள போவணும்" என்று சூப்பர்வைசர் சிவசங்கர் கேலி பண்ணுவார். கேலிதான். ஆனாலும் தாவீதுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பெருமைப்பட்டுக்கொள்ள அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது? நிலம் இருந்தது, அது இன்றைக்கு ஒரு கம்பெனியின் கார் நிறுத்துமிடம். அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றார், ஏஜென்சி மாறியதும் அதுவும் போயிற்று.

ஷாரோன் இருந்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே மகள். தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். "கம்ப்யூட்டர் படிக்க வெக்காம பூச்சி படிக்க வெச்சிகிறியே, இன்னா ஆளுய்யா நீ" என்று ஊரே கேட்டது. பெண் கேட்டாள், தாவீது சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். அவள் படித்ததில் பாதியை வீட்டுக்குள்ளேயே படித்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடியிலிருந்தும், பின்பக்கத்து எலுமிச்சையிலிருந்தும் புழுக்களைக் கிள்ளிவந்து பிஸ்கட் டப்பாக்களில் வளர்த்தாள். அம்மா அமலா வேறொரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, ரசத்துக்கு ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை ஒடிக்கப் போனால், "அதுல முட்ட கீதும்மா, வேற பக்கம் ஒடி" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ரசம் அந்த வீட்டில் பல நாள் கறிவேப்பிலை இல்லாமலே கொதித்தது.

"இதுங்கள்லாம் அழகிகள்னு ஒரே பட்டாம்பூச்சிக் குடும்பம்ப்பா. பாதிக்கு மேல பின்றெக்கைல வால் நீட்டிகினு இருக்கும் பாரு. ஆனா எலுமிச்சை அழகிக்கு வாலே கெடையாது. இருந்தாலும் அதுவும் இந்தக் குடும்பந்தான்."

"நம்ம ஜெபகுமாருக்கு மூள கெடையாது, இருந்தாலும் நம்ம பங்குதானே. அது மாதிரின்னு சொல்லு."

அவள் சிரித்த சிரிப்பில் டப்பா கை தவறிக் கீழே விழுந்தது. ஜெபகுமார் அந்தப் பங்கின், அதாவது ஊர் மாதாகோவிலின், பேரவைச் செயலாளர். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவசரக்குடுக்கை.

அந்த டப்பாக்களில் ஒன்று தாவீதைத் திகைக்க வைத்தது. ஒரே தாய் ஒரே செடியில் இட்ட முட்டைகள். கூட்டை உடைத்து வெளியே வந்த பெண்பூச்சிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. ஒன்று தகப்பனை உரித்துவைத்தது போலக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசை. இன்னொன்றின் முன்றெக்கையில் அகலமான வெள்ளைப் பட்டைகள், பின்றெக்கையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

"இது நம்ம கறிவேப்பிலை அழகியேதாம்ப்பா. வேற ஒருத்தியோட டிரஸ்ஸ போட்டுகினு வந்துகீது. சிவப்புடல் அழகின்னு ஒண்ணு. அது வெஷக்கொடிய தின்னு வளர்றது. ஒரு தபா அத கொத்துன குருவி மறுதபா கிட்டயே போவாது. அதான் இவ அவளாட்டம் வேஷம் கட்டிகினு தப்பிச்சிக்கிறா."

"ஆடிட் அன்னிக்கு கான்ட்ராக்ட் ஆளுங்க எங்களுக்கு பர்மனென்ட் ஆளுங்க சட்டைய மாட்டி வுடுவானுங்களே."

"அதேதான்! சட்டைய பாத்து ஏமாறக்கூடாது. றெக்கைய பாக்காதப்பா, உடம்ப பாரு. நெஜமானதுக்கு உடம்பு ரத்தச்செவப்பா இருக்கும். இவளுக்குக் கறுப்புதான்."

நிஜமான அந்தச் சிவப்புடல் அழகியைப் பார்க்க வீட்டுக் கொல்லை போதாது. அது ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. ஏரிக்கரையை ஒட்டிய துண்டு நிலம். ஒருபுறம் தொழிற்பேட்டை மதில், மதிலுக்கு அந்தப்பக்கம் வரிசையாக நெட்டிலிங்க மரங்கள். இந்தப்பக்கத்து மூலையில், பழைய கம்பிவேலியில் ஏறி, ஈஸ்வரமூலிக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. ஈஸ்வரன் பேரை வைத்துக்கொண்டு வேதக்காரர் கல்லறையில் எப்படி வந்து குடியேறியது என்று யாருக்கும் தெரியாது. சுற்றுவட்டாரத்தில் மற்ற இடத்துக் கொடிகளெல்லாம் ரோட்டுக்கும் மதிலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. சிவப்புடல் அழகியின் புழு அந்தக் கொடியைத் தவிர வேறு எதையும் பசிக்குத் தொடாது. கொடி போனால் அதுவும் போயிற்று.

ஐப்பசி நடுவில், இறந்தவர்களை நினைத்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வரும். அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியோடு போய்த் தங்கள் வீட்டுக் கல்லறையைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மண் அணைத்துவிட்டு வரும். கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் பிடுங்கிப் போடுவார்கள். அந்த வாரம் முழுக்க ஷாரோன் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த மூலையில் போய் நின்றுகொள்வாள். "பெரிம்மா, அத வுட்டுடுங்க. சித்தப்பா, அந்தப் பக்கம் வேணாம்." திருநாளன்று வேலிமேல் பூச்சிகள் பறக்கும்போது அம்மாவைக் கூப்பிடுவாள். "ஒரு தபா வந்து பாரும்மா. கறுப்பும் செவப்புமா, அவ்ளோ அழகு." அமலா போனதில்லை. "கேன்டீன் பாத்திரத்த உங்கப்பனா வந்து கழுவுவான்? அடுத்த வருஷம் பாக்கலாம் போடி."

அடுத்த வருஷம் சாம்பல் புதனன்று, காலைப் பூசையை முடித்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போனாள் ஷாரோன். திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறாள். எதிர்த்திசையில் புகுந்து வந்த டிரெய்லர் அந்த ஆட்டோவை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது, காலைப் பூசையில் பங்குச் சாமியார் நெற்றியில் போட்ட சாம்பல் சிலுவை கலையாமல் இருந்தது. முகத்தில் கலையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வேலி மூலையை ஒட்டியே அவளைப் புதைத்தார்கள். இடம் கேட்டு வாங்கியவர் தாவீது.

அமலா அடக்கத்தன்று வந்தவள், பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. கறிவேப்பிலைச் செடியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு நாளாச்சும் போயி பாத்திருக்கலாம். அவ்ளோ கூப்ட்டா."

தாவீது தட்டைத் தள்ளி வைத்தார். "இந்தத் திருநாளுக்கு வா. நான் காட்றேன். கண்டிப்பா வரும் அது."

"வருமா?"

"வரும். நானாச்சு."

அவள் தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு கேட்ட பேச்சு அது. அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று தாவீது நினைத்தார். அன்றைக்கு அவள் அதைப் பார்த்துவிட்டால் ஒருவேளை அழுவாள், ஒருவேளை பேசுவாள், மறுபடியும் மனுஷியாவாள். பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு தைரியம் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. சித்திரை வெயில் திரும்பி வந்துவிட்டதோ என்று சந்தேகப்படும்படி காய்ந்தது. ஆனாலும் கொடி செழிப்பாகத்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் இறங்கி தாவீது தண்ணீர் ஊற்றிவந்தார். கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதைமுள் முளைத்த புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாகக் கம்பியில் கூடாக மாறி, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தொங்க ஆரம்பித்தன. மகள் சொல்லிக்கொடுத்தபடி மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். திருநாளை ஒட்டி வெளியே வந்துவிடும். அன்றைக்கு அவர் வீடுவரை விசில் அடித்துக்கொண்டு போனார் என்றால் நம்பமாட்டீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜெபகுமார் எல்லாரையும் நிறுத்திவைத்துப் பேசினான். "இந்த வருஷம் எவனும் மம்மட்டி எடுக்க வேணாம். எல்லாருக்கும் ஷிப்ட்டு, ஓவர்டைம். களைக்கொல்லி வாங்கியாந்து ஒரே நாள்ல அடிச்சி வுட்டுர்லாம். வர்ற ஞாயித்துக்கெழம வேல முடிஞ்சிடும்."

கூட்டத்தில் கைதட்டாத குறை. உண்மையும் அதுதான், லீவு யாருக்குக் கிடைக்கிறது? தாவீது மட்டும் முன்னால் போய் நின்றார்.

"ஜெபகுமாரு, பாப்பா கல்லறைகிட்ட கீற அந்தக் கொடி மேல மட்டும் மருந்து படக்கூடாதுப்பா."

"அண்ணே, டேங்க மாட்டிகினு அடிக்கச்சொல்ல காத்து எந்தப் பக்கம் இழுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?" அவன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். ஷாரோனுக்கு மண் அள்ளிப் போட்டவர்களில் அவனும் ஒருவன். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அத நீங்களே நல்லா மூடி வெச்சிடுங்க. அந்தாண்ட பசங்க அடிச்சிக்கட்டும்."

மூடுவது. சுற்றுவது. தாவீதுக்குச் சொல்லியா தரவேண்டும்!

சனிக்கிழமை சிவசங்கரிடம் கேட்டு, கிடங்கில் மிச்சமாய்க் கிடந்த பிளாஸ்டிக் சுருள் ஒன்றை வாங்கிவந்தார். வேலியின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய், கம்பிக்கு மேலும் கீழும் கையை விட்டு, அடித்தூரிலிருந்து நுனிக்கொழுந்துவரை சுற்றினார். ஒரு கூடுகூட நசுங்காமல், ஒரு காம்புகூட ஒடியாமல், கைக்குழந்தைக்குத் துணி சுற்றுகிற பதத்தில் சுற்றினார். காற்று உள்ளே புகுந்து மருந்தைக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று மடிப்புக்கு மேல் மடிப்பு போட்டார். அடிப்பக்கத்து ஓரங்களை மண்ணுக்குள் செருகி, காலால் மிதித்து இறுக்கினார். முடித்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். வாழ்நாளில் அவர் செய்த வேலைகளில் அதுபோல ஒன்று அமைந்ததில்லை.

"ஒண்ணும் ஆவாது பாப்பா" என்று கல்லறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மாலை பிரித்துவிடுவதாகத்தான் திட்டம். ஞாயிறு காலையிலேயே சிவசங்கர் போன் பண்ணினார். "ண்ணே, ஷிப்மென்ட் மாட்டிகிச்சி. கன்டெய்னர் வந்து நிக்குது, ராப்பிங்குக்கு ஆளே இல்ல. வந்துடுங்கண்ணே, ப்ளீஸ்." போகாமல் இருக்கலாம்தான். திருநாளன்று லீவு கேட்டு வைத்திருக்கிறாரே, இப்போது முறைத்துக்கொண்டால் அது போய்விடும். போனார். பகல் ஷிப்ட் முடிந்ததும் அடுத்த ஷிப்ட்டுக்கும் இருக்கச் சொன்னார்கள். மறுநாளும் அதே கதைதான். மருந்து நன்றாகக் காயட்டும், ஒருநாள் கூடுதலாக மூடியிருந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு சுற்றினார். கிடங்கின் தகரக்கூரைக்குக் கீழே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. அத்தனை வருஷமாக அவர் சுற்றியதெல்லாம் இரும்பும் ரப்பரும். அவை மூச்சு விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விட்டார்கள். நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தோட்டம் முழுக்க மஞ்சள் பூத்துச் சுருண்டு கிடந்தது. நடுவில் அவருடைய பொட்டலம் மட்டும் பளபளவென்று நின்றது. கிட்டே போனபோதுதான், பிளாஸ்டிக்கின் உட்பக்கம் ஆவி அடித்து வெள்ளையாய் மூடியிருந்தது தெரிந்தது. தொட்டார். சோறு வடித்த பானை மாதிரி சுட்டது.

பல்லால் கடித்துக் கிழித்தார். உள்ளேயிருந்து கீரை வெந்த வாடை அடித்தது. இலைகள் கறுத்துக் கூழாகிக் கம்பியில் அப்பிக்கிடந்தன. கொழுந்து கையோடு வந்தது. கூடுகள் நூலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மெதுவாகத்தான் அழுத்தினார், அதற்கே பிதுங்கியது. இன்னொன்றின் ஓடு கண்ணாடியாய் மெலிந்து, உள்ளே மடித்து வைத்த கறுப்பு றெக்கையும் சிவப்பும் தெரிந்தன. அது வெளியே வர நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

மருந்து பட்டிருந்தால் ஜெபகுமாரைத் திட்டலாம். காற்றைத் திட்டலாம். ஒரு துளி மருந்து உள்ளே போகவில்லை. அவ்வளவு நன்றாகச் சுற்றியிருந்தார் தாவீது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்தக் கொடியைப் பிடித்து இழுத்தார். ஆத்திரம் கொடியின் மேலா, தன் கையின் மேலா, டிரெய்லர் ஓட்டியவன் மேலா, பரலோகத்தில் இருக்கிறவர் மேலா, எல்லார் மேலும்தான். வேலிக்கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. மறுபடியும் இழுத்தார். மண் பிளந்து, விரல்தடிமன் வேர் பாதியில் முறிந்து வந்தது. அந்த முறிவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. கொடிக்கே உரிய மூலிகை வாடை குப்பென்று வீசியது. மேலே வெந்ததே தவிர வேர் சாகவில்லை. விட்டிருந்தால் ஒரு மழைக்குத் துளிர்த்திருக்கும்.

முறிந்த வேரைக் குழியில் திணித்து, மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அமுக்கினார். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அது பிழைக்கும் என்று அவரே நம்பவில்லை. பிறகு மகளின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன், வாய்விட்டு அழுதார்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அமலா எதையாவது கேட்டாள். எந்தப் புடவை கட்டிக்கொண்டு வரட்டும்? மெழுகுவத்தி பெரிசாக வாங்கலாமா? "பகல்லதானே வரும் அது? நான் சீக்கிரமாவே பெர்மிஷன் போட்டுகினு வந்துட்றேன்." கடைசியில் திருநாளும் வந்துவிட்டது.

பேரவை வாங்கிவைத்த சாமந்தி மாலைகளும் ஊதுவத்திப் புகையுமாய்த் தோட்டம் நிறைந்திருந்தது. களை ஒன்றுகூட இல்லை. ஜெபகுமார் சும்மா சொல்லக்கூடாது, பளிச்சென்று வைத்திருந்தான். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்தார். அமலா மகளின் மேட்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். சிலுவையைத் தொட்டாள். பெயரைத் தடவினாள். அழவில்லை. தலையைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாவீது அவளைப் பார்க்கமாட்டாமல் மெழுகுவத்தியைத் திருப்பித் திருப்பி நட்டார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"ஏங்க!" அவள் அவருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, அங்க பாருங்க!"

சாமந்தி மாலைமேல் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு றெக்கை, அகல வெள்ளைப் பட்டை, பின்னால் வரிசையாகச் சிவப்புப் புள்ளி, வால். எல்லாக் கூடும் வேகவில்லையா? ஏதாவது ஒன்று தப்பித்திருக்குமா? தாவீது கிட்டே குனிந்தார்.

உடம்பு கறுப்பு. தலைமுதல் நுனிவரை ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. யார் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலோ வளர்ந்து, வேஷம் கட்டிக்கொண்டு வந்தவள்.

"அதானே? பாப்பா சொன்னது அதானே?"

"ஆமா" என்றார் தாவீது. "அதான்."

அமலாவின் முகம் கோணியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "வந்துட்டேன் பாப்பா. பாத்துட்டேன் பாப்பா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சற்றுப் பொறுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடி உற்றுப் பார்த்தாள். "உடம்பு செவப்பா இருக்கும்னு சொல்லுவாளே?"

"செவப்புதான். கண்ணுல தண்ணி கீது இல்ல, உனக்குக் கறுப்பா தெரியுது."

அவள் நம்பினாள். பூச்சிக்கு இடைஞ்சல் ஆகாமல் மெழுகுவத்தியைத் தள்ளி வைத்தாள். "அந்தக் கொடி எங்கங்க? அதையும் காட்டுங்க" என்றாள்.

"அப்பால காட்றேன். சாமியார் வர்றாரு பாரு" என்றார் தாவீது. இரண்டடி பின்னால் நகர்ந்து, வெறும் கம்பிவேலியும் கிளறிய மண்ணும் அவள் கண்ணில் படாதபடி மூலையை மறைத்துக்கொண்டு நின்றார்.